மனச்சோர்வு மாத்திரைக்குப் பத்தியம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தி தூத்துக்குடிக்காரர். முப்பது வருடமாக லண்டனில் இருக்கிறார். தீராத மனச்சோர்வுக்காக ட்ரானில்சைப்ரமின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். அவர் வீட்டில் தங்கி நான் படித்த இரண்டு வருடமும் சமையல் என் பொறுப்பு. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அவருடைய மருத்துவரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். இப்போது சொந்தத்தில் யாருக்காவது மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால், முதல் போன் எனக்குத்தான் வருகிறது. வருகிற கேள்விகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. உங்களுக்கான முடிவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரை எல்லாவற்றுக்கும் பத்தியம் உண்டா?

இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின், டியூலாக்செட்டின், மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் ஆகிய எதற்கும் சீஸ், கருவாடு, சோயா சாஸ் ஆகாது என்ற பத்தியம் கிடையாது.

மனச்சோர்வு மருந்துகளில் அந்தப் பத்தியம் ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும். மோனோ அமைன் ஆக்சிடேஸ் தடுப்பான்கள் என்று பெயர். ஃபீனெல்சின், ட்ரானில்சைப்ரமின், ஐசோகார்பாக்சசிட் மூன்றும் அதில் முக்கியமானவை. மற்ற மருந்துகள் கேட்காதபோது, அனுபவமுள்ள மனநல மருத்துவர்கள் கவனமாக எழுதுபவை இவை.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். அதைப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பின்பற்ற வேண்டாம். எஸ்சிட்டலோபிராம் எடுத்துக்கொண்டிருந்த என் அத்தை மகள் ஒருத்தி அப்படி ஒரு பட்டியலைப் பார்த்துத் தயிரை நிறுத்தினாள், வாழைப்பழத்தை நிறுத்தினாள். அப்புறம், "இவ்வளவு ஆபத்தான மாத்திரையா?" என்று பயந்து மாத்திரையையே நிறுத்திவிட்டாள். மூன்றாவது வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பட்டியலில் இருந்தது பொய் இல்லை. ஆனால் அது அவளுக்கு எழுதிய பட்டியல் இல்லை.

அந்தக் குறிப்பிட்ட மருந்துக்கு மட்டும் ஏன் பத்தியம்?

பால், மீன், இறைச்சி, பயறு எல்லாவற்றிலும் உள்ள புரதத்தில் டைரோசின் என்று ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. உணவு புளித்தோ, பதமாகியோ, கெட்டோ போகும்போது பாக்டீரியாக்கள் இந்த டைரோசினை டைரமினாக மாற்றிவிடும். சீஸுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது.

நாம் எல்லோருமே தினமும் கொஞ்சம் டைரமின் சாப்பிடுகிறோம். குடலிலும் ஈரலிலும் இருக்கும் மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி வாசலிலேயே நின்று அதைச் சிதைத்துவிடுகிறது. இந்த மருந்துகள் மூளையில் மனநிலையை உயர்த்துவதற்காக அதே நொதியைத்தான் முடக்குகின்றன. மூளையில் மட்டும் முடக்கிவிட்டுக் குடலை விட்டுவைக்க அவற்றால் முடியாது. காவல் இல்லாத வாசல் வழியாக டைரமின் ரத்தத்துக்குள் போகிறது. நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும், பிரஷரை ஏற்றும் நார் அட்ரினலின் என்ற பொருளை அப்படியே வெளியே தள்ளுகிறது. ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் சடாரென்று ஏறுகிறது.

மருந்து எடுக்காதவருக்குப் பிரஷர் ஏற வேண்டுமானால் பல நூறு மில்லிகிராம் டைரமின் வேண்டும். மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு 6 மில்லிகிராமே லேசாக ஏற்றிவிடும், 10 ஆனால் நன்றாகத் தெரியும், 25-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். நன்றாகப் பதமான சீஸில் சின்னத் துண்டு போதும், அந்த அளவு வந்துவிடும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கதை காசநோய் ஆஸ்பத்திரியில் தொடங்குகிறது. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ ஆஸ்பத்திரியில் ஐப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்ந்து கிடந்தவர்கள் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள், சிரித்தார்கள், பசிக்கிறது என்றார்கள். 1957-இல் நேதன் கிளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மனச்சோர்வுக்கே பயன்படுத்திப் பலன் கண்டதாக அறிவித்தார். ஈரலைப் பாதித்ததால் அந்த மருந்து பிறகு விலக்கப்பட்டது. ஆனால் அதன் வழியில் வேறு மருந்துகள் வந்தன.

கொஞ்ச நாளில், இவற்றை எடுத்தவர்களில் சிலருக்குத் திடீரென்று கடுமையான தலைவலி, சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவு. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் இருந்த பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர் இதைப் பற்றி எழுத, நாட்டிங்ஹாமிலிருந்து ரோவ் என்ற மருந்தாளுநர் அவருக்கு ஒரு கடிதம் போட்டார். தன் மனைவிக்குச் சீஸ் சாப்பிட்டால் இந்தத் தலைவலி வருகிறது, பால், வெண்ணெய் சாப்பிட்டால் வருவதில்லை என்பதுதான் செய்தி. நம்ப முடியாததாகத் தோன்றிய அந்தத் துப்பைப் பிளாக்வெல் விடவில்லை. நோயாளிகளிடம் கவனித்துப் பார்த்து 1963-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். வீட்டில் மனைவி என்ன சாப்பிட்டார் என்று கவனித்த ஒருவரால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். மருத்துவரிடம் போகும்போது, அற்பமாகத் தோன்றினாலும் நீங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் என்ன ஆகும்? எப்படித் தெரியும்?

இதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குக் காரணமும் நானே.

ஊரிலிருந்து லண்டன் போனபோது அம்மா ஒரு பை நிறைய மாசிக் கருவாடு கொடுத்து விட்டார்கள். சித்திக்கு மாசி என்றால் உயிர். எனக்கோ பத்தியம் பற்றி அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். சீஸ்தானே ஆகாது, இது நம்ம ஊர் மாசிதானே என்று நினைத்தேன். தேங்காய், மிளகாய், சின்ன வெங்காயத்தோடு மாசியைத் தட்டிப்போட்டுச் சம்பல் செய்தேன். சித்தியும் ஆசையில், "கொஞ்சம்தானே" என்று சோற்றில் பிசைந்து சாப்பிட்டார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்காது. தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் பிடரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எய்யா, பிடரில சுத்தியல வச்சு அடிக்க மாதிரி இருக்குய்யா" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. நெஞ்சு படபடவென்று அடிப்பது சேலைக்கு மேலேயே தெரிந்தது. வீட்டிலிருந்த பிரஷர் மிஷினை மாட்டினேன். 214க்கு 118 காட்டியது. மிஷின் கெட்டுவிட்டதோ என்று மறுபடி பார்த்தேன். 220. ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் வைத்துப் பிரஷரை மெதுவாக இறக்கி, மறுநாள் காலையில்தான் அனுப்பினார்கள்.

அடையாளங்கள் இவைதான்: சாப்பிட்ட கால் மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பிடரியில் தொடங்கும் கடுமையான தலைவலி, படபடப்பு, வேர்வை, கழுத்து இறுக்கம், குமட்டல், நெஞ்சுவலி. காத்திருந்து பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் 108, பிரிட்டனில் 999, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911. மருந்தின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வீட்டில் யாருடைய பிரஷர் மாத்திரையாவது கிடக்கிறதே என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பிரஷர் ஒரேயடியாக இறங்கினாலும் மூளைக்கும் இதயத்துக்கும் கேடு.

அப்படியானால் எதையெல்லாம் தொடவே கூடாது?

பதமாக்கிய சீஸ் வகைகள்: செடார், பார்மசான், நீலப் பூஞ்சை படர்ந்த ஸ்டில்டன் போன்றவை. சலாமி, பெப்பரோனி போல ஊறவைத்துக் காயவைத்த இறைச்சி. கருவாடு, மாசி, மீன் சாஸ், உப்பில் ஊறிய மீன். சோயா சாஸ், மிசோ, கிம்ச்சி, புளித்த முட்டைக்கோஸ், புளிக்கவைத்த சோயா எல்லாமே. மார்மைட், வெஜிமைட் போன்ற ஈஸ்ட் சாறு. லண்டனில் வளரும் நம் பிள்ளைகள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் அந்தக் கறுப்பு விழுது. அப்புறம், வாடை மாறிய எந்த இறைச்சியும் மீனும் ஈரலும்.

பட்டியலில் இருக்கும் பிராட் பீன்ஸ் பலரைக் குழப்புகிறது. வடநாட்டில் பாக்லா என்பார்கள். அதில் சிக்கல் டைரமினால் இல்லை, லெவோடோபா என்ற வேறொரு பொருளால். தோலோடு சாப்பிடுவது இன்னும் மோசம். நம்ம அவரைக்காய் வேறு செடி. பந்தலில் காய்க்கும் அவரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இட்லி, தோசை, தயிர், பழைய சோறு?

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆங்கிலப் பட்டியல்களில் இதற்குத்தான் பதில் இருக்காது.

பால், மோர், புதுத் தயிர், வெண்ணெய், நெய், பன்னீர் எல்லாம் சாப்பிடலாம். பன்னீர் பதமாக்கிய சீஸ் இல்லை, பாலைத் திரித்து அன்றே செய்வது. ஆனால் ஃபிரிட்ஜில் பத்து நாள் கிடந்த பன்னீரும் வாயைக் கூசவைக்கும் பழந்தயிரும் வேண்டாம்.

இட்லி மாவுக்குச் சித்தியின் மருத்துவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை நாள் மாவு?" ராத்திரி அரைத்துக் காலையில் ஊற்றும் மாவு என்றேன், சரி என்றார். அஞ்சாம் நாள் பொங்கிப் புளித்து நீர் பிரிந்த மாவில் ஊத்தப்பம் ஊற்றுவோமே, அது இந்த வீட்டில் கிடையாது என்று அன்றைக்கே முடிவானது. உளுந்தில் புரதம் இருக்கிறது, நாள் ஆக ஆகப் பாக்டீரியாவின் வேலையும் கூடும். பழைய சோற்றிலும் அப்படித்தான். ஒரு ராத்திரிக்கு மேல் வைப்பதில்லை. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் உண்டு, கருவாடு இல்லை.

மாங்காய், எலுமிச்சை ஊறுகாய் அளவாக இருந்தால் பிரச்சினை வந்ததில்லை. மீன், இறால், கறி ஊறுகாய்கள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ரொம்பக் கஷ்டமானது மீன்குழம்பு. மறுநாள் குழம்புக்குத்தான் ருசி என்று வளர்ந்தவர்கள் நாம். இந்த மருந்து எடுப்பவருக்கு அன்று வாங்கிய மீன், அன்று வைத்த குழம்பு, அன்றே முடிய வேண்டும். மிச்சம் இருந்தால் நான் சாப்பிட்டேன்.

நன்றாகக் கொதிக்கவைத்தால் டைரமின் போய்விடாதா?

போகாது. கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகும். அது ஏற்கெனவே உண்டாக்கிய டைரமின் அப்படியே இருக்கும். சுண்டச் சுண்ட வைத்தாலும் வறுத்தாலும் அழியாது. ஃபிரீசரும் அழிக்காது. ஆனால் புதிதாக வாங்கியதை உடனே உறையவைத்தால் டைரமின் உண்டாவதைத் தடுக்கலாம். அதனால் மீனை வாங்கிய அன்றே கழுவி ஒரு வேளை அளவுக்குப் பிரித்து உறையவைப்போம். உறைந்ததைச் சமையல் மேடையில் மணிக்கணக்கில் வைக்காமல் ஃபிரிட்ஜுக்குள்ளேயே இளகவிட்டு உடனே சமைப்போம்.

வெளியில் சாப்பிடலாமா? பீட்சா?

பழைய பட்டியல்களில் பீட்சாவே கூடாது என்று இருந்தது. டொராண்டோவில் கென்னத் ஷுல்மன் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் உணவுகளை வாங்கி ஆய்வகத்தில் அளந்தே பார்த்தார்கள். பெரிய சங்கிலிக் கடைகளின் சாதாரண பீட்சாவில் டைரமின் மிகக் குறைவு. அதே ஆய்வில் ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்த டோஃபுவிலும் ஒரு சோயா சாஸிலும் நிறைய இருந்தது. இப்போது சீஸ் தயாரிப்பும் உணவுச் சுகாதாரமும் மேம்பட்டிருப்பதால் பல பொருள்களில் முன்பு இருந்த அளவு இல்லை. ஆகவே பழைய நீளப் பட்டியலைக் காட்டி வாழ்க்கையை வெறுக்கவைக்க வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் புதிய பட்டியலைக் கேளுங்கள்.

வெளியில் நான் அஞ்சுவது ஃப்ரைடு ரைஸையும் கோபி மஞ்சூரியனையும்தான். கையேந்தி பவனில் எந்தச் சோயா சாஸை எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

காபி, சாக்லேட், வாழைப்பழம்?

பழம் சாப்பிடலாம், வாழைப்பழத்தின் தோலில்தான் டைரமின் அதிகம், உள்ளே மிகக் குறைவு. சாக்லேட் கொஞ்சம், பரவாயில்லை. காபி அளவோடு.

மது?

குழாயில் பிடித்துத் தரும் பீர் கூடவே கூடாது. பாட்டில் பீரும் வைனும் அளவு மீறினால் ஆபத்து. மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் யாருக்கும், எந்த மருந்தானாலும், குடி மனச்சோர்வைக் கூட்டும், தூக்க மயக்கத்தையும் கூட்டும். விட்டுவிடுவது நல்லது.

சளி மாத்திரை, இருமல் மருந்து, நாட்டு மருந்து எடுக்கலாமா?

சாப்பாட்டை விட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். சீஸை யோசித்துச் சாப்பிடுபவர்கூட மூக்கடைப்புக்கு யோசிக்காமல் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். நம் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் பல சளி மாத்திரைகளில் ஃபீனைல்எஃப்ரின் இருக்கிறது. வெளிநாடுகளில் சூடோஎஃபெட்ரின். மோனோ அமைன் ஆக்சிடேஸ் தடுப்பான்களோடு சேர்ந்தால் இரண்டுமே பிரஷரை ஆபத்தாக ஏற்றும். வறட்டு இருமலுக்குக் கொடுக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் வேறு வழியில் கொல்லும். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற பொருள் அளவுக்கு மீறிப்போய், காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று போகும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், பெத்திடின் இரண்டும் அப்படித்தான். மற்ற மனச்சோர்வு மாத்திரைகளையும் இதோடு சேர்க்கக்கூடாது. ஃபுளுவாக்செட்டினை நிறுத்தினால் ஐந்து வாரம் கழித்துத்தான் இந்த வகை மருந்தைத் தொடங்குவார்கள்.

நாட்டு மருந்தில் பூனைக்காலி விதைப் பொடியைக் கவனியுங்கள். ஆண்மைக்கு, நரம்புத் தளர்ச்சிக்கு என்று விற்கிறார்கள். அதில் லெவோடோபா நிறைய இருக்கிறது. "மூலிகைதானே" என்று சாப்பிடக்கூடாது. பல் பிடுங்கப் போனாலும் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். சித்தி அதை எழுதிய அட்டை ஒன்றைப் பர்ஸில் பஸ் அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

காசநோய் மாத்திரைக்கும் இதே பத்தியம் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. ஐசோனியாசிட், மேலே சொன்ன ஐப்ரோனியாசிட்டுக்கு நெருங்கிய உறவு. அதை எடுக்கும்போது சூரை மீனோ பதமான சீஸோ சாப்பிட்ட சிலருக்கு முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வருவதுண்டு. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இந்த நொதியை லேசாகத் தடுக்கும். டைரமின் நிறைந்த உணவை அப்போது தவிர்க்கச் சொல்வார்கள். மனச்சோர்வு மாத்திரையும் கூடவே எடுப்பவராக இருந்தால் காசநோய் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மற்ற மாத்திரைகள் எடுப்பவர்கள் எதையுமே கவனிக்க வேண்டாமா?

சிலதைக் கவனிக்க வேண்டும். செர்ட்ராலினோடு கிரேப்ஃப்ரூட் பழச்சாறு வேண்டாம் என்பார்கள். எஸ்சிட்டலோபிராம் வகைகளோடு ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். மிர்டாசபினும் அமிட்ரிப்டிலினும் பசியைக் கிளப்பும், எடை ஏறும். அமிட்ரிப்டிலின் மலச்சிக்கலையும் தரும். கீரை, காய், தண்ணீர் கூட்டிக்கொள்ளுங்கள்.

கூடவே மனநிலையை நிலையாக வைக்கும் லித்தியம் என்ற மருந்தைக் கொடுத்திருந்தால் மட்டும் இதைக் கவனமாகப் படியுங்கள். உப்பைத் திடீரென்று குறைக்கக்கூடாது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அது விஷ அளவுக்கு ஏறலாம். சஷ்டி விரதம், ரமலான் நோன்பு, கத்திரி வெயில், வாந்திபேதி எல்லாமே இதில் சேர்த்தி. விரதம் இருக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். கை நடுக்கம் கூடினாலோ நடை தள்ளாடினாலோ உடனே போங்கள்.

இவ்வளவு தொல்லை உள்ள மருந்தை ஏன் எடுக்க வேண்டும்?

சித்திக்கு முன்பு ஐந்து மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் அவர் இருந்த வருடங்களை நான் சின்னப் பையனாகப் போனில் கேட்டிருக்கிறேன். அம்மா பேசிக்கொண்டே இருப்பார்கள், அந்தப் பக்கம் சத்தமே வராது. இந்த மருந்து தொடங்கிய ஐந்தாவது வாரம் அவரே அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, வெந்தயக் குழம்புக்கு எவ்வளவு புளி?" என்று கேட்டார். மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வில் சிலரை இது தூக்கி நிறுத்துகிறது. எல்லா வகையும் இவ்வளவு கண்டிப்பானவையும் இல்லை. மோக்லோபெமைடு என்ற மருந்தின் தடுப்பு சீக்கிரம் விலகிவிடுவதால் பத்தியம் லேசு. தோலில் ஒட்டும் செலிஜிலின் பட்டையில் 6 மில்லிகிராம் அளவுக்கு அமெரிக்காவில் பத்தியமே சொல்வதில்லை.

மருந்தை நிறுத்தியாகிவிட்டது. இனி கருவாடு சாப்பிடலாமா?

நிறுத்தும் முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவர் சொல்லி நிறுத்தினாலும் இரண்டு வாரம் பொறுங்கள். முடங்கிய நொதி மீண்டும் வேலை செய்யாது. உடம்பு புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும், அதற்கு அவ்வளவு நாள் ஆகும். அந்த இரண்டு வாரமும் பத்தியம் முழுசாக உண்டு. சளி மாத்திரைக்கும் அதே கணக்கு.

சித்தி நிறுத்தவில்லை. போன மாதம் நான் போனபோது அம்மா மாசிக்குப் பதிலாகக் கருப்பட்டி கொடுத்து விட்டார்கள்.